இல்லையோ நீக்கும் முன்மொழிவு

ஊர் என்றால் ஊர், அப்படி ஓர் ஊர் இருந்ததாம். மலை பிளந்து காற்றுக்கு வழிவிட்ட இடத்தில் இருந்ததாம். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் அங்கே வீசுகிற காற்றில், இந்தத் தெருக் கொடியில் போட்ட சேலை அடுத்த தெருக் கொடியில் போய்க் காயுமாம். அந்த ஊருக்குக் கணவாய்ப்புதூர் என்று பெயர். வயலுக்கு ஒரு காத்தாடி நின்று மின்சாரம் எடுத்த அந்த ஊரில், அத்தனை காத்தாடியையும் திருப்பவும் நிறுத்தவும் ஊர்க்காரர்களே உண்டாக்கிய ஒரு கணினி மொழி இருந்தது. குன்றி என்று அதை அழைத்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற தாணுமூர்த்தி சார் விளையாட்டாகத் தொடங்கி வைத்தது, போகப் போக ரேஷன் கடைத் தராசும், ஆஸ்பத்திரி டோக்கனும், பஸ் ஸ்டாண்டில் நேரம் காட்டும் பலகையும்கூட குன்றியில்தான் ஓடின.

மொழி என்று ஒன்று இருந்துவிட்டால், அதில் இன்ன சொல் வேண்டும், இன்ன குறி வேண்டும் என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கேட்கிறவர் அதை முன்மொழிவாக எழுதி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பேக்கரி மாடியில் ஒரு குழு கூடி அதை எடைபோடும். அந்தக் குழுவுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. டீ வருவதற்குள் யாரும் மறுக்காவிட்டால் முன்மொழிவு ஏற்கப்பட்டதாக அர்த்தம். அங்கே பேசாமல் இருப்பது சரி என்று சொல்வதுதான். மறுக்கிறவர் சும்மா மறுக்கக் கூடாது. இதை ஏற்றால் அந்த மொழியில் எழுதிய எந்த நிரல் உடையும் என்று அங்கேயே எழுதிக் காட்ட வேண்டும்.

குழுவில் சண்முகவடிவு என்று ஒருத்தி இருந்தாள். காத்தாடிகளுக்கு நிரல் எழுதுவது அவளுக்கு வேலை. "எது உடையும், அதைச் சொல்லுங்க" என்று அவள் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். "வடிவு மாடி ஏறுதா, எல்லாரும் ஆசையைக் கீழயே விட்டுட்டு வாங்கப்பா" என்று செல்போன் கடை பீர்முகமது அண்ணன் கிண்டல் செய்வார். அவரும் குழுவில் ஒருவர்.

அப்படிப்பட்ட வடிவே தலையசைத்து ஏற்றுக்கொண்டதுதான் பதிலாள் குறி. ஒரு மதிப்பு வர வேண்டும், வரவில்லை. அப்போது நிரல் நின்றுபோகாமல், வராததன் இடத்தில் வழக்கமாக வருவதை வைத்துவிட்டு மேலே போக ஒரு சின்னக் குறி. நாலைந்து வரியில் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிடலாம். யாரும் மறுக்கவில்லை. டீ வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள், லீவு போட்டிருந்த கணக்கு வாத்தியார் தனிப்பயிற்சி வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போயிருந்த பால்காரர் வாசல் வாசலாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் அலறவில்லை. பால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, வழக்கமாகச் சேரும் தண்ணீர்கூட வழக்கமான அளவில்தான் சேர்ந்திருந்தது, பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் போலவே ஒருவர் வந்து நிற்கிறார் என்பதை ஊர் மத்தியானத்துக்குள் புரிந்துகொண்டது. பொழுது சாய்வதற்குள் அவர்களுக்கும் பதிலாள் என்றே பெயர் வைத்தது. பந்தியில் பதிலாளுக்கு இலை போடலாமா என்று கொஞ்ச நாள் சண்டை போட்டுவிட்டு, இலை போடலாம், இரண்டாம் முறை பாயசம் கேட்கமாட்டார்கள் என்பதால் லாபம்தான் என்று சமாதானமாகிவிட்டது. பதிலாளின் முகம் அதே முகம்தான், பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பதைப் போலக் கொஞ்சம் நேராக இருக்கும். வழக்கமாகச் செய்வதைச் செய்வார்கள். வழக்கமில்லாத கோபம், திடீர்ச் சிரிப்பு, தூக்கத்தில் உளறல், இவையெல்லாம் கிடையாது.

குன்றியில் 'இல்லையோ' என்று ஒரு சொல் முதலிலிருந்தே உண்டு. வந்திருப்பது நிஜமாக வந்ததா, வராததற்குப் பதிலாக வைத்ததா என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அது மனிதர்களிடமும் செல்லும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று, கணக்கு வாத்தியாரைப் பார்த்து "இல்லையோ?" என்று கேட்டாள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆமா, அவர் இல்லை" என்றார். பிறகு சாக்பீஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

வடிவு வீட்டுக்கும் ஒரு பதிலாள் வந்தார். அவள் கணவன் நயினார் காத்தாடி ஏற்றுகிற வேலைக்கு வடக்கே கட்ச் பக்கம் போனவன். போன புதிதில் தினமும் போன் பேசினான். பிறகு ஒருநாள் பேசவில்லை. பிறகு பேசவே இல்லை. இங்கிருந்து எப்போதோ கிளம்பிவிட்டாரே என்று காண்டிராக்டர் சொன்னார். அவள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தாள். பதிலாள் வந்த பிறகு மாதாமாதம் ஒரு போலீஸ்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் நயினாரைப் பார்த்து, "இல்லையோ?" என்பார். "ஆமா, அவர் இல்லை" என்று அது சொல்லும். "சரி, அப்ப தேடுறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு பதிலில்தான் நயினாரைத் தேடுகிற வேலை உயிரோடு இருந்தது. அந்தப் பதிலுக்காகவே வடிவு அந்த உருவத்துக்குச் சோறு போட்டாள்.

மாமியார் பகவதியம்மாளுக்கு அப்படியில்லை. "ஏளா, அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து" என்பாள்.

"அது அவுக இல்ல அத்தே."

"அதான் மாசாமாசம் போலீஸ்காரன் வந்து கேக்கானே, நீயும் ஏன் கேக்க? எம்மவன் என்னைக்காவது எங்கூட உக்காந்து நியூஸ் பாத்திருக்கானா? இவன் பாக்கான். நான் சொன்ன கதையையே சொன்னாலும் ம் கொட்டுதான்."

"அதனாலதான் சொல்லுதேன், அது அவுக இல்லன்னு."

கிழவி சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

அந்தக் காற்றுக்காலத்தில் ஊர் மெதுவாக மாறியது. வெளியூருக்குப் போனவர்கள் சீக்கிரம் திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அதுதான் நம் இடத்தில் ஆள் இருக்கிறதே, வீட்டில் அடுப்பெரிகிறதே, கடை திறந்திருக்கிறதே என்று ஒரு நாள் தங்கப் போனவர்கள் ஒரு வாரம் தங்கினார்கள், ஒரு வாரம் தங்கியவர்கள் வீடு பார்த்துவிட்டார்கள். தாணுமூர்த்தி சார் மைசூரில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். இங்கே தினமும் காலையில் அவர் நடைப்பயிற்சி போனார். தெருவில் கூட்டம் குறையவில்லை. சந்தையில் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த இடிபாட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருநாள் சந்தையில் வடிவின் கையிலிருந்து தேங்காய் விழுந்து உருண்டது. அத்தனை பேரும் ஒரே மாதிரி குனிந்து பார்த்தார்கள், ஒரே மாதிரி நிமிர்ந்தார்கள். தேங்காயை எடுக்காமலே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

'இல்லையோ' என்று கேட்பது மரியாதைக் குறைவு என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. பேக்கரியில் கேட்டால் முறைத்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து யாரோ கேட்டுவிட, அவர் தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து நின்று "ஆமா, அவர் இல்லை" என்று சொல்ல, மேளம் நின்றுபோய், பெண் அழுது, பெரிய வருத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு தாய்மார்கள் பிள்ளைகளின் வாயில் தட்டினார்கள்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, மாடிப்படியில் ஏறும்போதே வடிவு பலகையைப் பார்த்தாள். 'இல்லையோ என்ற சொல் புழக்கத்தில் இல்லை. கேட்பதால் நிரல் நீளுகிறது. கேட்கப்படுபவருக்குச் சங்கடம். ஆகவே மொழியிலிருந்து அதை நீக்கலாம்.' கீழே, முன்மொழிபவர் என்ற இடத்தில் பீர்முகமது என்று இருந்தது. குன்றியில் ஒன்று ஏற்கப்பட்டால் மறுநாள் காலையில் ஊரில் அது நடக்கும் என்பதை ஊர் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டது. நாளையிலிருந்து போலீஸ்காரர் கேட்டால் வீட்டு நாற்காலியில் இருக்கிற அது என்ன சொல்லும்?

உள்ளே எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. தாணுமூர்த்தி சார் தலைமை நாற்காலியில் இருந்தார். பீர்முகமது ஜன்னலோரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா எழுதுனீங்க?"

"ஆமா தங்கச்சி."

"ஏன்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். போன வருஷம் அவர் மனைவி மைமூன் காய்ச்சலில் இறந்துபோனது ஊருக்கே தெரியும். குறி வந்த மறுநாள் மைமூன் அவர் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியருடன் வந்ததும் ஊருக்குத் தெரியும். ஆள் எங்கே போனதால் இல்லாமல் போனது என்று அந்தக் குறி கேட்பதில்லை.

"பேரப்பிள்ளைங்க வரும்போதெல்லாம் கேட்டுருதுங்கம்மா" என்றார் மெல்ல. "விளையாட்டுக்குத்தான் கேக்குதுங்க. அவ அடுப்படியிலேருந்து எந்திரிச்சு வந்து, அவர் இல்லைன்னு சொல்லிட்டுப் போறா. ஒவ்வொரு தடவையும் அவ மையத்தை அடக்குன அன்னைக்கே நான் திரும்பப் போயி நிக்கேன்."

வடிவு மற்றவர்களிடம் திரும்பினாள். முதல் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டாள். "இல்லையோ?"

"ஆமா, அவர் இல்லை."

அடுத்தவர். "ஆமா, அவர் இல்லை." அதற்கடுத்தவர், சிநேகமாக, கண்ணாடியைத் துடைத்தபடி. "ஆமா, அவர் இல்லை." தலைமை நாற்காலியில் தாணுமூர்த்தி சார், மைக்கில் பேசுவது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, அவர் இல்லை. முன்மொழிவுக்கு மறுப்பு உண்டா?" என்றார்.

நாற்காலி நிறைந்தால் கூட்டம் செல்லும் என்பதுதான் விதி. நிறைத்தது யார் என்று விதியில் எழுத யாருக்கும் அப்போது தோன்றவில்லை. பதிலாட்கள் எதையும் மறுப்பதில்லை. அது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

"மறுக்கேன்" என்றாள் வடிவு.

"எந்த நிரல் உடையும்?"

அவளே எத்தனையோ பேரைக் கேட்ட கேள்வி. அவள் பழக்கத்தில் பலகையருகே போய்ச் சாக்பீஸை எடுத்தாள். காத்தாடியை நிறுத்துகிற நிரலை எழுதினாள். காற்றின் வேகத்தை அளக்கிற கருவி பழுதாகி அளவு வராமல் போனால், பதிலாள் குறி வழக்கமான வேகத்தை வைத்துவிடும். வெளியே சூறைக்காற்று அடித்தாலும் காத்தாடி அது இளங்காற்று என்று நினைத்துச் சுற்றும். 'இல்லையோ' என்று கேட்டு, ஆமாம் அளவு வரவில்லை என்று தெரிந்தால்தான் பிரேக் விழும். கேள்வியை நீக்கினால் இறக்கை பிய்ந்து ஊருக்குள் வரும். சாக்பீஸ் தூள் விரலெல்லாம் ஒட்ட, ஒவ்வொரு வரியாக, பிழையில்லாமல் எழுதி முடித்தாள்.

"வாஸ்தவம்" என்றார் பீர்முகமது. அவர் முகம் வெளுத்திருந்தது. "வாஸ்தவம் தங்கச்சி. இது உடையும்."

வடிவு மூச்சு விட்டாள். வாபஸ் வாங்கிவிடுவார் என்று நினைத்தாள். அவரும் அப்படித்தான் வாயைத் திறந்தார்.

அப்போது தாணுமூர்த்தி சாரின் உருவம், ஊரில் இருந்த காலத்தில் என்றைக்கும் அவர் சொல்லக்கூடியதை, அதே குரலில், அதே பொறுமையில் சொன்னது. "மறுப்பு நியாயமானது. இயந்திரங்களுக்கு மட்டும் அந்தச் சொல் இருக்கட்டும். மற்ற இடங்களில் நீக்கலாம். முன்மொழிபவர் இந்தத் திருத்தத்தை ஏற்கிறாரா?"

பீர்முகமதுவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்று வடிவு கத்தினாள். "எங்க வீட்டுக்காரர். அவுக இல்லன்னு அது சொல்லுறதாலதான் தேடிக்கிட்டிருக்காங்க. நாளைக்கு அது நான்தான்னு சொல்லிருச்சுன்னா..."

"அது நிரல் இல்லையே அம்மா" என்றது உருவம், கனிவாக.

அவள் பலகையைப் பார்த்தாள். பலகை முழுக்கக் காத்தாடி இருந்தது. நயினார் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. வீட்டுக் கதையைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட கூச்சத்தில், உடைகிற நிரலை மட்டும் காட்டினாள். உடைகிற நிரலை அவர்கள் ஒட்டிவிட்டார்கள்.

"பீரண்ணே. வேண்டாம்னு சொல்லுங்க."

படியில் டம்ளர் உரசுகிற சத்தம் ஏறி வந்தது. பீர்முகமது அவளைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பேசவில்லை. டீ வந்தது.

அன்று பொழுது சாயும்போது வடிவு நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "இல்லையோ?" என்றாள். "ஆமா, அவர் இல்லை." பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னது. மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னது. சலித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவன் இங்கே இல்லை என்ற உண்மையைச் சொல்ல இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"போதும்ளா" என்று பகவதியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதுன்னா நினைக்க? பெத்தவளுக்குத் தெரியாதா? இவன் சாப்பிடுற மாதிரி எம்மவன் ஒருநாளும் தட்டைச் சுத்தமா வழிச்சதில்ல. தெரியாம இருக்கணும்னுதான் பீருகிட்ட நானே போயி எழுதச் சொன்னேன்."

"அத்தே!"

"பீருக்கும் அது வேண்டியிருந்துச்சு. எனக்கும் வேண்டியிருந்துச்சு. உனக்கு வயசிருக்கு, தேடுவ. நான் எத்தனை வருசம் வாசலப் பாத்துக்கிட்டு இருக்க?"

கிழவியின் கை வடிவின் தலைக்கு வந்தது, தலையைத் தொடாமல் திரும்பிவிட்டது.

விடிந்தது. காற்று அன்றைக்கு என்னவோ தணிந்திருந்தது. வடிவு எழுந்து வந்தபோது நாற்காலியில் அது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இல்லையோ?"

அது நிமிர்ந்து பார்த்தது. முகம் முன்னைப்போல நேராக இல்லை. நயினார் சிரிக்கும்போது போகிற பக்கமாகவே கொஞ்சம் கோணியிருந்தது.

"என்ன வடிவு, விடிஞ்சும் விடியாம? நான்தானே இருக்கேன்."

குரல் அவன் குரலேதான். அவள் உடம்பு அதை நம்பிவிட்டது. தோள் இறங்கியது, அப்பாடா வந்துட்டீங்களா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்கு அவள் வாழ்நாளில் எதற்கும் பயப்படாத அளவுக்குப் பயந்தாள். இன்னும் ஒரு நாள் இங்கே இருந்தால் நம்பிவிடுவேன், நம்பிவிட்டால் எங்கோ ஒரு ஊரில் கிடக்கிற அந்த மனிதனைத் தேடப் பூமியில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

வாசலில் போலீஸ்காரரின் வண்டி நின்றது. "ஆள் வந்துட்டாராமே? நல்லதாப் போச்சு. முடிச்சிரலாம்மா" என்றார். நாற்காலிப் பக்கம் திரும்பி அவர் எதையும் கேட்கவில்லை.

அவள் பையில் இரண்டு சேலையையும் நயினாரின் போட்டோவையும் போட்டுக்கொண்டாள். மாமியாரிடம் சொல்லிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டைத் தாண்டிக் காலை வைத்த கணத்தில், பின்னால் அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல்.

"அத்தே, காப்பிக்குச் சீனி போதுமா?"

"போதும் மக்கா" என்றாள் பகவதியம்மாள். வடிவை அவள் ஒருநாளும் செல்லமாக மக்கா என்று அழைத்ததில்லை.

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பினால் தன் முதுகையே பார்க்க நேரும் என்று தோன்றியது. கடைத்தெருவில் எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், எல்லாரும் நலமா என்றார்கள். செல்போன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபடி பீர்முகமது நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, போயிராத. நீயும் போயிட்டா இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்."

"வாங்க, நீங்களும் வாங்கண்ணே."

"நான் நிஜமான பீருதாம்மா. என்னைப் பாரு. நான்தான்."

வடிவு அவரை உற்றுப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. தாடியில் ஈரம் இருந்தது. நேற்றாக இருந்தால் கேட்டிருக்கலாம்.

"அதைத்தான் இப்ப எல்லாரும் சொல்லுதாங்க அண்ணே" என்றாள்.

இன்னும் எதையோ சொல்ல, தன்னை அவள் நம்புகிற மாதிரி ஒன்றே ஒன்றைச் சொல்ல, அவர் தேடினார், கிடைக்கவில்லை. மாடியிலிருந்து மைமூனின் குரல் சாப்பிடக் கூப்பிட்டது, இதோ வாரேன் என்று அவர் வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு வடிவை ஒருமுறை பார்த்தார். குனிந்து பாதி ஷட்டருக்குள் நுழைந்தார். ஷட்டர் இறங்கியது.

பைபாஸ் ரோட்டில் காற்று மறுபடி எழுந்து எதிரே வந்தது. வடிவு பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வடக்குப் பார்த்து நடந்தாள். சாலை வளைகிற இடம் வரைக்கும் அவள் சேலை தெரிந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை, போகிறாளே என்று பார்த்து நிற்க அங்கே ஒருவரும் இல்லை.